நாற்பத்திரண்டு பேரின் காது

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கணினியில் நாற்பத்திரண்டு ஆண்களுக்கு ஒரே சமயத்தில் காது கேட்காமல் போய்விட்டது.

நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். பிறகு பார்த்தால் நான்தான் செய்திருக்கிறேன். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் எதைத் தேடுகிறேன் என்றே தெரியாமல் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலகம் நெய்வேலி டவுன்ஷிப்பில், மெயின் பஜாரில் ஒரு கடையின் மாடியில் இருந்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணையும் கரியையும் அள்ளிப்போட ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரரின் அலுவலகம் அது. ஆட்கள் நாற்பத்திரண்டு பேர், எல்லாரும் கான்டிராக்ட். கேட்டுக்குள் போக ஆளுக்கொரு பாஸ் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனை செய்து, அதன் முடிவோடு பட்டியல் கொடுத்தால்தான் பாஸ் புதுப்பிப்பார்கள். 2015ஆம் வருடம் அந்தப் பட்டியலைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தாக வேண்டும், சனிக்கிழமையோடு பழைய பாஸ் முடிகிறது.

அந்தப் பட்டியலில் பதினேழாம் எண் ராஜாங்கம். அவர் என் அப்பா. பத்தொன்பது வருடமாகக் கான்டிராக்டில் இருக்கிறார். பெர்மனென்ட் ஆக்குவதற்கான சீனியாரிட்டி பட்டியலில் அவர் பெயர் ஒவ்வொரு படியாக ஏறி, முதல் பக்கத்துக்கு வந்திருந்தது. இடையில் பாஸ் இல்லாமல் நாள் விழுந்தால் மறுபடி கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள் என்று எங்கள் ஊர் வடக்குத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

இப்போது திரையில் அப்பா பெயருக்கு நேரே ‘செவித்திறன் குறைவு’ என்று இருந்தது. அதற்கு மேலே இருந்த பதினாறு பேருக்கும் இருந்தது. கீழே இருந்த இருபத்தைந்து பேருக்கும் இருந்தது.

எண்களை உள்ளிடுவது கனகம் அக்காவின் வேலை. பக்கத்து மேஜைதான். முந்தின நாள் டாக்டரின் காகிதத்தைப் பார்த்து எல்லாருக்கும் ‘தகுதி’ என்று போட்டதாகவும், ஒரே ஒருவருக்கு மட்டும் காது பற்றிய குறிப்பு இருந்ததாகவும் சொன்னார். அது யார் என்று கேட்டேன். காகிதத்தில் பெயரே இல்லை, வெறும் டோக்கன் எண், நாற்பத்திரண்டு எண்ணில் எது என்று யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டார். காகிதத்தை உறையில் போட்டு முதலாளியின் பீரோவில் பூட்டியாகிவிட்டது. முதலாளி பீரோச் சாவியோடு திருப்பதிக்குப் போயிருந்தார். சனிக்கிழமைதான் வருவார். பரிசோதனை செய்த டாக்டரிடம் நகல் இல்லையாம்.

அதாவது ஒருவருக்கு மட்டும் உண்மை, நாற்பத்தொரு பேருக்குப் பொய். யார் அந்த ஒருவர் என்பது பெருமாளுக்கும் பீரோவுக்கும்தான் தெரியும்.

பட்டியலைக் காட்டும் இந்தக் கணினிப் பக்கத்தை முதலில் எழுதியவன் அறிவுச்செல்வன். எழுதிவிட்டு பெங்களூருக்குப் போனவன் போனை எடுப்பதில்லை. கனகம் அக்கா உள்ளிடுவது எங்கே போய்ச் சேமிக்கப்படுகிறது என்பதும் அவனுக்குத்தான் தெரியும். நான் வடலூரில் பி.சி.ஏ. முடித்தவள், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் பொத்தானை அமுக்கினால் ஏதாவது நடக்க வேண்டும் என்ற அளவுக்குத் தெரியும். அவன் எழுதியதோ எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. மொத்த நிரலையும் ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, அந்த ஃபங்ஷனையே அடைப்புக்குறிக்குள் போட்டு, கடைசியில் உள்ளே ஒன்றுமே இல்லாத ஓர் அடைப்புக்குறியை வைத்திருந்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தக் காலி அடைப்புக்குறி கைதவறி விழுந்தது என்று நினைத்து அழித்தேன். பக்கம் வெள்ளையாகிவிட்டது. பிழை என்று ஒரு வார்த்தை வரவில்லை, பெயர்களும் வரவில்லை. திருப்பிப் போட்டேன், எல்லாரும் வந்துவிட்டார்கள். இணையத்தில் ஒரு குழுவில் கேட்டதற்கு, அந்த ஃபங்ஷனை யாரும் கூப்பிட வேண்டாம், எழுதப்பட்ட இடத்திலேயே உடனே ஓடிவிடும், அதுவும் ஒரே ஒருமுறை என்றார்கள். பெயரில்லாமல், யாரும் கூப்பிடாமல் எப்படி ஓடும் என்று கேட்டேன். கடைசியில் இருக்கும் காலி அடைப்புக்குறிதான் கூப்பிடுவது என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். புரியவில்லை.

யாரும் கூப்பிடாமலே ஓடுகிற ஃபங்ஷன் அலுவலகத்தில் இருந்தது. எத்தனை கூப்பிட்டாலும் திரும்பாத அப்பா வீட்டில் இருந்தார். அவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போன ஆவணியில் சென்னையில் ஒரு கம்பெனியில் நேர்முகத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். பையோடு வாசல்படியில் நின்று, போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கேட்டேன். தலையைக்கூடத் திருப்பவில்லை. அப்பாவிடம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான் என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். பையைப் பிரித்துத் துணியை மறுபடி கொடியில் போட்டேன். அதன்பின் பத்து மாதமாக அவரிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. எனக்குக் கோபம் வந்தால் லேசில் போகாது.

புதன்கிழமை பிற்பகல் முதல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் மாடியேறி வந்துவிட்டார்கள். செய்தி எப்படிப் போனது என்று கேட்க வேண்டாம், கனகம் அக்காவிடம் செல்போன் இருக்கிறது. முன்னால் வந்தவர் அன்புச்செல்வன் அண்ணன். ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. நாற்பத்திரண்டு பேருக்கும் அவசரத்துக்கு அழைக்கும் எண் என்று படிவத்தில் எழுதியிருப்பது அவருடைய எண்தான், ஏனென்றால் எப்போதும் சார்ஜ் இருப்பது அவர் போனில் மட்டும்.

“எல்லாரையும் செவுடாக்கிட்டியாமே பாப்பா,” என்றார்.

அவர் கேலியாகத்தான் கேட்டார். பின்னால் வந்தவர்கள் கேலியாக இல்லை. பெல்ட் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போலிருக்கும். அன்று சண்டையாகவே பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே பரிசோதனையும் தொடங்கினார்கள். ஒருவர் படிக்கட்டுக்குக் கீழே நின்று மெதுவாகப் பெயர் சொல்லுவார், மேலே சுவரைப் பார்த்து நிற்பவர் பதில் சொல்ல வேண்டும். தங்கராசு என்பவர் போனில் ஊரே கேட்கப் பேசுகிறவர், அதனால் அவராகத்தான் இருக்கும் என்று எல்லாரும் சேர்ந்து தீர்மானித்திருந்தார்கள். அவரோ கீழே சொன்ன பெயரோடு டீக்கடையில் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, கோபித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். அப்பா அந்த விளையாட்டில் சேரவில்லை. அவர் முறை வருவதற்குள் டீ குடிக்க இறங்கிப் போய்விட்டார். பெரிய மனுஷர், இதிலெல்லாம் சேரமாட்டார் என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டேன்.

சேஃப்டி சூப்பர்வைசர் சடையப்பன் சார் வந்து எல்லாரையும் அனுப்பினார். அவர் டவுன்ஷிப் ஆள், பதினொன்றாம் பிளாக். நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே குறிப்பு இருந்தால் கம்ப்யூட்டர் தப்பு என்று எழுதிக் குறிப்பையே எடுத்துவிட்டுப் பட்டியலைக் கொடுத்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“கேக்க மாட்டாங்கம்மா. ஆனா பெல்ட் ஸ்டார்ட் ஆகறதுக்கு முன்னாடி ஹூட்டர் அடிக்கும். அது காதுல விழாத ஆள் ஒருத்தர் கீழ நின்னு அள்ளிக்கிட்டு இருக்கார். அது யாருன்னு தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை பாஸைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்படியாவது கண்டுபிடித்துவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது டிவி சத்தம் தெருமுனைவரை வந்தது. அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இது எங்கள் வீட்டில் தினமும் நடப்பதுதான். டிவியை அணைத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். பேசினால் மூஞ்சியைப் பார்த்துப் பேச வேண்டும் என்பது அப்பாவின் சட்டம், மூன்று நான்கு வருடமாக. வயசாக ஆக அதிகாரம் ஏறுகிறது என்று நானும் அம்மாவும் பேசிக்கொள்வோம். தேவைக்கு மேல் பேசுவதில்லை என்றாலும் இது தேவை. கவலைப்படாதே, அது ஒரே ஒருத்தருக்குத்தான், நாளைக்குள் யாரென்று கண்டுபிடித்து மற்றவர்கள் பெயரிலிருந்து எடுத்துவிடுவேன் என்றேன்.

அப்பா ரிமோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு, “எல்லாருக்கும்தான போட்டிருக்குது. அப்பிடியே வுட்டுடேன்,” என்றார்.

“எப்பிடி வுடறது? ஹூட்டர் கேக்காத ஆளு பெல்ட்டுக்குக் கீழ நின்னா இன்னா ஆவும்?”

“பக்கத்துல நிக்கறவன் கைய காட்டுவான். பாத்துக்கினே இருந்தா ஒண்ணும் ஆவாது.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பத்தொன்பது வருடம் வேலை செய்த மனுஷர் பேசுகிற பேச்சா இது, ஓர் ஆள் உயிரைப் பற்றிச் சொல்கிறேன், நீ விட்டுவிடு என்கிறாய் என்று கத்தினேன். சென்னைக்குப் போகாத பத்து மாதத்தையும் அதற்குள் சேர்த்துக் கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அம்மா பஞ்சை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி கண்டுபிடி என்று சொல்லி எழுந்து போனார்.

வியாழக்கிழமை முழுவதும் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. உலாவியில் பிழை பார்க்கும் கட்டத்தைத் திறந்து, தொழிலாளி என்ற பெயரில் அறிவுச்செல்வன் எழுதியிருந்த அச்சைக் காட்டு என்றேன். ஒவ்வோர் ஆளையும் அந்த அச்சில் போட்டுத்தான் நிரல் உருவாக்குகிறது. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றது. கண்ணெதிரே அதே அச்சில் வார்த்த நாற்பத்திரண்டு பேர் வரிசையாக நிற்கிறார்கள், அச்சே இல்லையாம். குழுவில் கேட்டேன். தானாக ஓடும் அந்த ஃபங்ஷன் ஒரு வேலி, உள்ளே வைத்தது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதற்காகத்தான் அப்படி எழுதுவது என்றார்கள். யாருக்கும் தெரியாமல் எதற்கு வைக்க வேண்டும் என்றேன். மற்றவர்கள் கைபட்டுக் கெடாமல் இருக்க என்று ஒருவர் பதில் போட்டிருந்தார். என் கை உள்ளேயே பட்டு எல்லாம் கெட்டிருந்தது அவருக்குத் தெரியாது.

வேலியின் தலையையும் வாலையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இப்போது எல்லாம் வெளியே வந்தது. ஓர் ஆளிடம் இது உன் சொந்தமா என்று கேட்க ஜாவாஸ்கிரிப்டில் வழி இருக்கிறது. முதல் ஆளிடம் அந்தக் குறிப்பைப் பற்றிக் கேட்டேன். இல்லை என்றது. அப்பாடா, இவருக்கு இல்லை என்று டிக் அடித்தேன். இரண்டாவது ஆளுக்கும் இல்லை. பதினேழாம் எண்ணுக்கும் இல்லை, அதற்கு மட்டும் இரண்டு டிக் அடித்தேன். இப்படியே நாற்பத்திரண்டும் முடிந்தது. ஒருவருக்கும் சொந்தமாக இல்லை. பக்கத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் இருக்கிறது. யாரிடமும் இல்லாதது எல்லாரிடமும் எப்படி இருக்கும்? கனகம் அக்கா பேய் பிடித்த வீட்டுக்கு வந்தவர்போல் திரையைப் பார்த்தார். அவருக்குச் சொல்லிப் புரியவைக்கப் போய் எனக்குப் புரிந்த கொஞ்சமும் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வரும்போது டவுன்ஷிப் ஆர்ச் கேட் தாண்டியதும்தான் ஞாபகம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் நிரலைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று ஒரு காரியம் செய்திருந்தேன்.

ஜாவாஸ்கிரிப்டில் புரோட்டோடைப் என்று ஒன்று இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவான அலமாரி மாதிரி. ஓர் ஆளிடம் எதையாவது கேட்டால், முதலில் அவன் பையில் தேடும், அங்கே இல்லையென்றால் பொது அலமாரியில் தேடி எடுத்துக் கொடுக்கும். கேட்டவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எங்கள் ஆட்களுக்குப் பாதி விஷயம் பொதுதானே. ஒப்பந்தக்காரர் பெயர் ஒன்று, ஷிப்ட் பஸ் ஏறும் இடம் ஒன்று, அவசர எண் அன்புச்செல்வன் அண்ணனுடையது. எதற்கு நாற்பத்திரண்டு தடவை என்று அவற்றையெல்லாம் பொது அலமாரிக்கு மாற்றினேன். அது சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். குறிப்புகள் எழுதும் காலிப் பட்டியல் ஒன்றும் ஆளுக்கு ஆள் இருந்தது. அன்றைக்கு அதில் யாருக்கும் எதுவும் எழுதியிருக்கவில்லை. எல்லாமே காலி, எல்லாமே ஒன்றுபோல. அதையும் தூக்கிப் பொது அலமாரியில் வைத்துவிட்டேன். அதன்பின் யாரோ ஒருவருக்காகக் கனகம் அக்கா எழுதிய ஒரு குறிப்பு அந்தப் பொதுப் பட்டியலில் போய் விழுந்தது. யாரிடம் கேட்டாலும் நிரல் அதையே எடுத்துக் காட்டியது.

இரண்டு நாளில் முதல்முறையாக எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. பஸ் பிளாக் பிளாக்காக நின்று நின்று போனது பொறுக்கவில்லை. மெயின் பஜாரில் இறங்கி ஓடினேன்.

சடையப்பன் சார் முன்னமே வந்து காத்திருந்தார். மணி பதினொன்று. கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். அவரையும் கனகம் அக்காவையும் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைத்தேன். பெருமைதான், வேறென்ன. பொது அலமாரியிலிருந்து அந்த வரியை எடுத்து, ஆள் உருவாகும்போதே அவனுக்கென்று தனியாக ஒரு காலிப் பட்டியல் கிடைக்கும்படி உள்ளே மாற்றினேன். வேலியையும் பழையபடி போட்டேன், கடைசியில் அந்தக் காலி அடைப்புக்குறியோடு. ஒரே ஒரு வரிதான் சார் இடம் மாறியிருந்தது, இப்போது பாருங்கள், யாருடையதோ அவரிடம் மட்டும் நிற்கும் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தைப் புதுப்பித்தேன்.

நிரல் யாரும் கூப்பிடாமல் ஓடியது. நாற்பத்தொரு பேருக்கு ‘தகுதி’. பதினேழுக்கு நேரே மட்டும் அந்தக் குறிப்பு நின்றது.

இன்னும் சரியாகவில்லை என்றுதான் நினைத்தேன். மறுபடி புதுப்பித்தேன். மறுபடியும் பதினேழு. சொந்தமா என்று கேட்க வேண்டும், வேலியை எடுக்க வேண்டும் என்று என்னவோ முணுமுணுத்துக்கொண்டே விசைகளைத் தட்டினேன். கனகம் அக்கா என் தோளில் கைவைத்தார். ‘பதினேழுதான், இப்ப ஞாபகம் வருது’ என்றார்.

சடையப்பன் சார் குனிந்து பதினேழுக்கு நேரே இருந்த பெயரைப் படித்தார். பிறகு, பெல்ட் வேலைக்கு இனி பாஸ் போட முடியாது, மரக்கன்று வளர்க்கும் பகுதியில் ஓர் ஆள் தேவைப்படுகிறது, இன்றைக்கே பேசிப் பார்க்கிறேன், நாள் விழாமல் பார்த்துக்கொள்ள முயற்சி செய்கிறேன் என்றார். சீனியாரிட்டி நிற்குமா என்று கேட்டேன். தெரியாதும்மா என்றார். பொய் சொல்லாத மனுஷர். பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தேன். பதினொன்றே முக்காலுக்கு வாங்கிக்கொண்டு போனார். அதன்பின் நான் செய்த எதையும் திரும்ப எடுக்க வழியில்லை. புதன்கிழமையே குறிப்பை எடுத்துவிடலாம் என்று சொன்னவளும் நான், எடுக்கக் கூடாது என்று அப்பாவிடம் கத்தியவளும் நான். எதில் நான் சரி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் அந்தப் பெல்ட்டுக்குக் கீழே பக்கத்து ஆளின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நாலு மணிக்கு வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். நான்கு அடி தள்ளி நின்று, “அப்பா,” என்றேன். சாதாரணக் குரலில்தான். பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கூப்பிட்டேன். உள்ளே இருந்து அம்மாதான் என்னடி என்றாள். இத்தனை வருடம் நான் இவர் முதுகோடுதான் சண்டை போட்டிருக்கிறேன்.

சுற்றிப் போய் எதிரே உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் பெடலை நிறுத்தினார்.

“எனக்குத்தான?” என்றார்.

தலையசைத்தேன். எத்தனை வருடமாக என்று கேட்டேன். இடது காது போய் நாலு வருடம் இருக்கும், வலது கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது என்றார். போன வருடம் வரைக்கும் டாக்டர் கேள்வி கேட்பதோடு விட்டுவிட்டார், இந்த வருடம்தான் காதில் மிஷின் மாட்டினார்களாம். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா நீங்க ரெண்டு பேரும் கத்திக் கத்திப் பேசுவீங்க. தெருவுக்கே தெரிஞ்சிடும். அப்புறம் பாஸு எங்க?”

மரக்கன்றுப் பகுதியைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார், அதாவது பார்த்துக்கொண்டார். அங்கே நிழல் இருக்கும் என்றார். சீனியாரிட்டியைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார்.

எனக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கப் பயமாக இருந்தது. வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

“போன ஆவணில சென்னைல கம்பெனிக்குக் கூப்பிட்டிருந்தாங்க. போவட்டுமான்னு உன்ன கேட்டேனே. நீ பதிலே சொல்லல.”

அப்பா என் உதட்டைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

“எப்ப கேட்ட?”

டிவி பார்த்துக்கொண்டிருந்தாய், நான் பின்னால் வாசல்படியில் பையோடு நின்றிருந்தேன் என்றேன். அவர் திரும்பி, யாரும் இல்லாத அந்த வாசல்படியைப் பார்த்தார்.

“வேணாம்னு நான் சொல்லவே இல்லியே பாப்பா,” என்றார்.

“இல்லப்பா. நீ ஒண்ணுமே சொல்லல.”

குரல் கம்மியிருந்ததால் உதடு சரியாக அசையவில்லை போலிருக்கிறது. அவருக்கு விளங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கிட்டே போய் உட்கார்ந்து, மறுபடியும் சொன்னேன்.